பல் உடைந்த ஆட்டமும் 'கார்டியல்' என்ற சொல்லும்

நான் முன்பு வேலை பார்த்த புனே ஆங்கிலப் பத்திரிகையின் இன்றைய ஆசிரியர் விசாரிக்காமல் எழுதுகிறார். போன மாதம் ஞாயிறு இணைப்பில் அவர் எழுதிய கட்டுரையைத்தான் சொல்கிறேன். நாடுகளுக்கு இடையிலான நட்பைப் பற்றி அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் வெறும் பூச்சு வேலையாம். சாட்சிக்கு ஒரு பழைய ஹாக்கிச் செய்தியை எடுத்துப் போட்டிருக்கிறார். 'ஆட்டம் கார்டியல் அட்மாஸ்ஃபியரில் நடந்தது', அதாவது நட்பான சூழலில் நடந்தது என்று அதில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் புனே கோல்கீப்பருக்கு முன்பற்கள் உடைந்தன. ஆகவே பொய்ச் செய்தி. இவ்வளவுதான் அவர் வாதம்.

அந்தச் செய்தியை எழுதியவள் நான். டெஸ்கில் சப்-எடிட்டராக இருந்தேன். இப்போது பத்திரிகை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக நடந்ததைச் சொல்கிறேன்.

ஆளைக் காணோம்

அண்டை நாட்டிலிருந்து ஒரு கல்லூரி ஹாக்கி அணி வந்திருந்தது. இரண்டு நாட்டுக்கும் உறவு கெட்டிருந்த நேரம். லாட்ஜை விட்டு வெளியே போவதென்றாலும் அவர்கள் போலீசுக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். காலை ஆட்டத்தில் தாரிக் என்ற ஃபார்வர்ட் வீசிய மட்டை நம் கோல்கீப்பர் வில்சனின் வாயில் பட்டது. வில்சன் புனேயில் கேம்ப் என்ற பகுதியின் பையன், தமிழ்க் குடும்பம். ரத்தம் ஒழுக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டம் முடிந்து லாட்ஜுக்குத் திரும்பிய பஸ்ஸில் தாரிக் இல்லை. அணியின் மேனேஜர் பயத்தில் வெளியே சொல்லவில்லை. லாட்ஜ் வெயிட்டர் எங்கள் விளையாட்டு நிருபர் ஸ்டீஃபனிடம் சொல்லிவிட்டான்.

ஸ்டீஃபன் ஓடி வந்தான். "அக்கா, ஆள் எஸ்கேப்! ஒருத்தன்கிட்டயும் இந்த நியூஸ் இல்ல!"

நியூஸ் எடிட்டர் பாட்டீல் சாகேப் எழுந்தே நின்றுவிட்டார். "ஃபாரின் ப்ளேயர் மிஸ்ஸிங். ஃப்ரன்ட் பேஜ். ஸ்டெல்லா, சட்டுனு டைப் அடி."

அப்படிப் போட்டால் அணி மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார்கள். தாரிக்குக்கு லாக்கப். பல் உடைந்த கோபத்தில் இருக்கும் கூட்டம் அவனை முதலில் பிடித்தால் அதைவிட மோசம்.

"அடிபட்டவன் என்ன சொல்றான்னு கேட்டியா?" என்றேன் ஸ்டீஃபனிடம்.

"வாயே உடைஞ்சு கெடக்கு. அவன் என்னத்தக்கா சொல்லுவான்?"

"கை நல்லாத்தானே இருக்கு? எழுதிக் காட்டட்டும். போடா. வில்சன்கிட்டேர்ந்து ஒரு வரி வராம நான் நியூஸ அடிச்சுத் தரமாட்டேன்."

"பேஜ் வெயிட் பண்ணாது, ஸ்டெல்லா."

"பண்ணும் சாகேப். பண்ணலைன்னா நீங்களே அடிச்சுக்குங்க."

அவருக்கு டைப் அடிக்க வராது. உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன்

சாயங்காலம் போன் அடித்தது. ஸ்டீஃபன் சிரிப்பை அடக்க முடியாமல் பேசினான்.

"அக்கா, ஆள் இங்கதான் இருக்கான்! கிரவுண்ட்லேர்ந்து நேரா இங்க வந்திருக்கான். வில்சன் வாயில ஐஸ் வச்சுப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கான். வில்சன் அம்மா தமிழ்ல கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. இவனுக்கு ஒண்ணும் புரியல. 'ஜி அம்மி, ஜி அம்மி'ன்னு தலையாட்டுறான்."

அந்த அம்மாளின் குரல் போனில் எனக்கே கேட்டது. "பல்லையும் ஒடச்சுட்டு அழுகை வேற! காலையிலேர்ந்து பட்டினி கெடக்கான் மூதேவி. இந்தா, மொதல்ல சோத்தத் தின்னு!"

அப்போது நான் விட்ட மூச்சு பாட்டீல் சாகேப் மேஜை வரைக்கும் கேட்டிருக்கும். ஸ்டீஃபன் லாட்ஜுக்குத் தகவல் சொல்ல, மேனேஜர் போலீஸ்காரரோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். போலீஸ்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரு குத்தமா?" என்று மராத்தியில் கேட்டாராம். அத்தோடு முடிந்தது. யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

செய்தியை எழுதினேன். முதல் பத்தியில் ஸ்கோரும் வழக்கமான கார்டியலும். கடைசியில் பல், ஆஸ்பத்திரி, ஐஸ், சோறு எல்லாம். பக்கம் முடியும் நேரத்தில் ஒரு புடவைக் கடை விளம்பரம் வந்தது. இடம் போதாவிட்டால் செய்தியை வாலிலிருந்து வெட்டுவதுதான் அன்றைக்கு வழக்கம். அச்சுக்கூட ஃபோர்மேன் வெட்டினார். காலையில் ஸ்கோரும் கார்டியலும் மட்டும் மிஞ்சியிருந்தன.

ஆசிரியர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத சந்திப்புக்கும் எல்லாப் பத்திரிகையும் கார்டியல்தான் போட்டது. சண்டை போட்டுக்கொண்டால் 'ஃப்ராங்க் டாக்ஸ்', அதாவது மனம்விட்ட பேச்சு. சொல்ல ஒன்றுமே நடக்காவிட்டால் 'பாரம்பரிய நட்பு'. இப்படித் தேய்த்துவிட்டதால், நிஜமாகவே நட்பு நடந்த அன்று அந்தச் சொல்லை நம்ப ஆளில்லை. பிள்ளைகளே, கார்டியல் என்று எழுதாதீர்கள். யார் வாய்க்கு யார் ஐஸ் பிடித்தார் என்று எழுதுங்கள். அதையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

வில்சன் இப்போது புனேயிலேயே வானவடியில் இருக்கிறார். கட்டுரையைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பல்லு போனது எனக்குக்கா. வலிக்கிறது அவருக்கா?" என்று சிரித்தார். தாரிக் இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவரிடம் போனில் பேசினாராம். அதைக் கேட்டதும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை.

ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. அதனால் இதை ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினேன். பழைய செய்திகளுக்கு மறுப்பு போடுவதில்லை என்று பதில் வந்தது. பழைய செய்தியைத் திட்டுவதற்கு மட்டும் அரைப் பக்கம் கிடைக்கிறது.

ஆசிரியரே, கேம்ப்பில் இருக்கும் உங்கள் ஆபீஸிலிருந்து வில்சன் வீட்டுக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். பொய் என்று எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.