கிளிப்பச்சை கேட்டவர்

பெயிண்ட் கடையில் எல்லாச் சண்டையும் "நான் கேட்ட கலர் இது இல்ல" என்றுதான் தொடங்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு என் வலி புரியும். ஒரகடம் ரோட்டில் கடை போட்ட புதிதில், தப்பு என்னுடையது, இல்லாவிட்டால் கலர் கலக்கும் மெஷினுடையது என்றே நினைத்தேன்.

மஞ்சள் கலந்த வெள்ளை

வடக்குப்பட்டு முனுசாமி பழைய லாரி டிரைவர். வெள்ளை வாங்கிப் போனவர், "மஞ்சளைக் கலந்து குடுத்துட்டியே" என்று டப்பாவோடு திரும்பி வந்தார். கூட வந்த மகளோ, "பளிச்னு வெள்ளையாத்தானே இருக்குப்பா" என்றாள். கண்புரை முற்றி, அவருக்கு எல்லாமே பழுப்பாகத் தெரிந்திருக்கிறது.

ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்ததும் வந்தார். டப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. கடை வாசலில் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடி மூடி மேலே பார்த்தார். "வானம் இம்மாம் நீலமா கீது. எத்தினி வருஷமாப்பா இத்த வுட்டுட்டுக் கெடந்தேன்?"

கிளிப்பச்சை

செல்வராஜ் கார் கம்பெனியில் பெயிண்ட் லைனில் இருந்தவர். பக்கவாதத்தில் போன கை கால் தேறிவிட்டது, நிறங்கள் மட்டும் திரும்பவில்லை. கண்ணில் கோளாறில்லை, மூளையில் நிறம் அறியும் இடம் அடிபட்டுவிட்டது என்றாராம் டாக்டர். தக்காளியும் சாம்பல், மனைவி ஸ்டெல்லாவின் புடவையும் சாம்பல்.

ஸ்டெல்லா அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, வீட்டுச் சுவருக்குக் கிளிப்பச்சை கேட்டார். கல்யாணமானதிலிருந்து புருஷன் ஆசைப்பட்ட நிறமாம், "வூடா, கிளிக்கூண்டா?" என்று அக்காதான் தட்டிக் கழித்திருக்கிறார்.

செல்வராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்போ நீதான் வேணாம்னே. இப்போ எனக்கு எதுக்கு அது?"

அக்கா டப்பாவை விடவில்லை. "என்னிக்காவது கலர் திரும்பி வந்துச்சுன்னா, அன்னிக்கு அது சொவத்துல இருக்க வேணாமா?"

சாயங்கால வெயில்

மழைக்காலம் முடிந்து, இரும்புக் கதவுக்குப் பெயிண்ட் வாங்க செல்வராஜ் தனியாக வந்தார். "கலர் கொஞ்சமாவது தெரியுதாண்ணே?" என்றேன். இல்லையென்று தலையாட்டினார்.

சாயங்காலம் கிளிப்பச்சை அடித்த சுவரில் வெயில் விழும்போது, "இப்போ எப்படி கீது?" என்று மனைவியைக் கேட்பாராம். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்று பார்த்து, ஒரு நாள் "நாத்து மாதிரி" என்பாராம். மேகம் மூடியிருந்தால் "கொளத்துப் பாசி மாதிரி" என்பாராம்.

"அது போதுமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க போதுது? ஆனா கேக்காம இருக்க முடியலப்பா."

'எந்த நிறமும் கலந்து தரப்படும்' என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறேன். கழற்றிவிடலாமா என்று அடிக்கடி தோன்றுகிறது.