மணல்முனைக்குச் சுமந்துபோன கல்

காலை 5.40. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் புறப்பட்ட பஸ்ஸில் ஏறினோம். றெஜினா அக்காவின் மடியில் ஓர் உரப்பை. அதற்குள் ஓரடி நீளக் கருங்கல். 'நிறோஷா, வயது 4' என்று வெட்டியிருந்தது.

அக்கா நாவற்குடாவில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். சுனாமிக்கு முன், வாழைச்சேனைக்கு வடக்கே களப்புக்கும் கடலுக்கும் நடுவில் நீளும் மணல்முனையில் அவர் குடும்பம் வாடிக் குடிசை போட்டு மீன் பிடித்தது. கடல் வந்த மறுநாள் மகளின் உடல் கிடைத்தது. கொண்டுபோகப் பாதை இல்லை. அங்கேயே, அயல் வாடிக்காரரின் உடல்களுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். பின்னர் முனை பாதுகாக்கப்பட்ட பகுதியானது. ஆட்கள் குடியிருக்கத் தடை. வருடத்துக்கு ஒருமுறை அனுமதிக் கடிதத்துடன் போய் மெழுகுதிரி கொளுத்துவார். முழங்கால் வருத்தத்தால் மூன்று வருடமாகப் போகவில்லை. கல்லைச் சுமக்கவே என்னைக் கூட்டிப் போனார்.

7.30. வாழைச்சேனையிலிருந்து ஓட்டோவில் 14 கிலோமீற்றர், 1,800 ரூபாய். முனையை அடைத்திருந்த வேலியடியில் இறங்கினோம். காவலாளி நசீர், ஓட்டமாவடிக்காரர், கடிதத்தை வாசித்துவிட்டுப் பைக்குள் பார்த்தார்.

"உள்ளுக்கு ஒண்டும் நடேலாது, அக்கா."

"நட மாட்டன் தம்பி. மண்ணுக்குள்ள படுக்க வைப்பன். ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "வாங்க, நானும் வாறன்."

அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் நடை. இடப்பக்கம் கண்டல் காடு, வலப்பக்கம் கடல். மணலெங்கும் போத்தல்களும் அறுந்த நைலோன் வலையும். கழுத்தில் வலை இறுகிய ஆமையொன்று வயிறு வெடித்துக் கிடந்தது. நசீர் கேட்காமலே கல்லை என்னிடமிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

9.50. அக்கா நின்றார். "ரெண்டு பனைக்கு நடுவில. இஞ்சதான்."

பனைகளில் ஒன்று அலைக்குள் விழுந்து கிடந்தது. மற்றதைக் காணவில்லை. கரை ஆளுயரத்துக்கு அறுந்து நின்றது.

நசீர் கல்லை இறக்கினார். "போன மாரியில கரை பிஞ்சிட்டு. எலும்புகள் வெளிய வந்த. பொறுக்கி அங்கால மேட்டில அடக்கின நான். வேலியடியிலேயே சொல்லியிருக்கணும். வாய் வரல்ல."

"சின்ன எலும்பு கிடந்ததா தம்பி?"

"நாலஞ்சு பேர்ட கலந்து கிடந்த. எது யார்டயெண்டு தெரியா, அக்கா."

மேடு முந்நூறு அடி தள்ளி இருந்தது. அடையாளம் எதுவும் இல்லை, அடம்பன்கொடி படர்ந்திருந்தது. கல்லை வைப்பதற்கு நான் மண்ணைக் கிளறத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"வேணா. வேற ஆர்ட பிள்ளையும் இதுக்குள்ள கிடக்கும். அதுக்கு மேல என்ட பிள்ளைட பேரை எப்பிடி வைக்கிற?"

காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை. நசீர் தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்தார். அக்கா அழவில்லை. திரி எரிந்து முடியும்வரை இருந்துவிட்டு, "மறுகா வெயில் ஏறிடும், போவம்" என்றார்.

திரும்பும் வழியில் கல்லை நானும் நசீரும் மாறி மாறிச் சுமந்தோம். வேலியடியில் அக்கா நசீரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

பிற்பகல் 3.20க்கு நாவற்குடா வந்தோம். அக்கா கல்லை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் வீட்டிலிருந்து அப்பாவின் கல்லறைக்கு ஏழு நிமிட நடை. வேலி கிடையாது, கடிதம் தேவையில்லை. அதில் பெயர் அழிந்துவிட்டதென்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்கிறார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.