கதவுக்குக் கதவு

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று எங்களுக்கு முன்கதவு இல்லை. பலாப்பலகையில் செய்து தருவதாக ஒத்துக்கொண்ட நாலந்தாப் பக்கத்துத் தச்சு பாஸ், "அடுத்த கிழமை கட்டாயம், சேர்" என்று சொல்லிச் சொல்லியே மழைக்காலத்தை ஓட்டிவிட்டார். வாசலை ஒரு தகரத்தால் மறைத்திருந்தோம். தெருநாயொன்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து, விருந்தாளிகளைவிட உரிமையோடு ஹோலில் படுத்துக்கொள்ளும்.

என் கணவர் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு வணிகக் கல்வி படிப்பிப்பவர். பாஸிடம் முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார். கதவு வராததில் அவருக்குக் கவலையைவிட உற்சாகமே அதிகம் என்று எனக்குப் பட்டது.

"இது ஒப்பந்த மீறல். நட்டஈடு கேக்கலாம். ஒப்பந்தத்தையே ரத்துப் பண்ணலாம். இல்லாட்டி, சொன்ன வேலைய செஞ்சே குடுக்கணும்னு உத்தரவு வாங்கலாம்" என்றார்.

"இதுல எது இந்த நாய வெளிய அனுப்பும்?" என்று கேட்டேன்.

அவர் மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு எழுதினார்.

சபை ஒரு சனிக்கிழமை பாடசாலை வகுப்பறையில் கூடியது. பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். கணவர் எழுந்து நட்டங்களைச் சொன்னார். மழையில் ஊறிய மெத்தை, நாய் கடித்த சப்பாத்து, காவல் இருந்து கெட்ட தூக்கம். மத்தியஸ்தர்களில் ஓர் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தூக்கம் கெட்டது உண்மையா?"

"எனக்குக் கெட்டுச்சுங்க. அவரு கொறட்டை விட்டாரு."

தூக்கத்தை அத்தோடு விட்டுவிட்டார்கள்.

பாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வேலைக்கு நட்டஈடா? சேர், எங்க வீட்டுக் கதவையே கழட்டித் தாறேன். புதுசு முடிஞ்சதும் மாத்திக்குவோம்!"

ரோஷத்தில் சொன்னதுதான். ஆனால் சபை அதையே இணக்கப்பாடாக எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டது.

மறுநாளே சின்ன லொறியில் கதவு வந்தது. எங்கள் வாசல் நிலைக்கு அது கொஞ்சம் கட்டை. நாய் கீழிடுக்கில் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பாஸின் மனைவிக்கு விஷயம் தெரிந்ததே, வேலை முடிந்து வந்து தன் வாசலில் போர்வை தொங்குவதைக் கண்டபோதுதான். அதற்குப் பிறகு மாத்தளைச் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைத் தடவிப் பார்த்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

"யோசிக்காதீங்க அக்கா. வேல முடியிற வரைக்கும் அவருக்குப் படுக்க அந்தப் போர்வைகிட்டதான் பாய்" என்றாள்.

புதுக் கதவு சீக்கிரமே வந்தது. அருமையான வேலை. கணவர் கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் அகப்படாமல் கொஞ்சம் வாடிப்போனார்.

குசினி அலுமாரியையும் அந்த பாஸிடமே கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன்.

"எழுத்துல ஒன்னும் வாங்கலயா?" என்று பதறினார்.

"அவரு சம்சாரத்துகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றேன்.