வெந்நீரில் போட்ட பல்

எண்பதுகளின் தொடக்கம். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான், ஊர் நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டு மலைமேல் நாயுடுபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓட்டமாக ஓடினேன். தாடை எலும்பில் சிறிய உலோகத் திருகாணியை முடுக்கிச் சில மாதம் காத்திருந்தால், எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுமாம். அதன்மேல் பல்லைப் பொருத்திவிடலாம். கழற்றவே வேண்டாம்!

அக்காவுக்காகத்தான் அந்த ஓட்டம். அந்த மழைக்காலத்தில் பண்ணைக்காட்டிலிருந்து அவள் ஏறி வந்த ஜீப் குழியில் இறங்கியபோது, கம்பியில் மோதி முன்பற்கள் இரண்டை இழந்திருந்தாள். ஆசிரியப் பயிற்சி முடித்து, கன்னியாஸ்திரிகள் நடத்தும் மிஷன் பள்ளி ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்முகத்தில் ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்க வேண்டும். அவள் வாசித்தால் பாதி காற்றாகப் போனது. வேலை கிடைக்காவிட்டால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், வத்தலக்குண்டு பல் மருத்துவரிடம் கட்டுரையை நீட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இதச் செய்ய நம்ம பக்கம் ஆளும் இல்ல, சாமானும் இல்ல. வர்ற வரைக்கும் அக்காவ வாய மூடிட்டு இருக்கச் சொல்வோமா?"

முதலில் சிரித்தவள் அக்காதான், வாயைப் பொத்திக்கொண்டு. இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் தகட்டில் இரண்டு பல் வைத்த செட்டு ஒன்றை அவர் செய்து கொடுத்தார். தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும்.

பொங்கலுக்கு வந்த நான் கல்லூரிக்குத் திரும்புமுன், பள்ளி திறந்த அன்றே வந்தது நேர்முகம். அந்த மாதக் குளிரில் எங்கள் வீட்டில் எல்லாமே அடுப்போரம்தான்: உறைந்த தேங்காயெண்ணெய் பாட்டில், காலுறை, உடுத்தப்போகும் துணி. டம்ளரில் கிடந்த செட்டைத் தொட்டதுமே அக்கா கையை உதறினாள். நான் யோசிக்கவே இல்லை. காப்பிக்குக் கொதித்த நீரை அதில் ஊற்றினேன்.

எடுத்துப் பார்த்தபோது மாறாத மாதிரிதான் இருந்தது. வாயில் வைத்தால் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் எழும்பியது.

"ஏலே, ஏற மாட்டேங்குது."

"வெரசா பாரு, பஸ்ஸு போயிரும்," என்றாள் அம்மா.

கட்டைவிரலால் நிமிர்த்தப் பார்த்தேன். அக்கா பிடுங்கி மேசையில் வைத்தாள். "எலும்புல ஆணி முடுக்க வந்துட்டான். வெந்நி வைக்கத் தெரியல." அப்படியே கிளம்பிவிட்டாள்.

சூட்டில் பிளாஸ்டிக் இளகும் என்று பரீட்சையில் எழுதியவன் நான். தூர தேசத்து எலும்பும் உலோகமும் மனதில் இருந்த அளவுக்கு, கையிலிருந்த டம்ளர் இல்லை. அதைவிட ஒன்று உறுத்தியது: இத்தனை வாரமாக அந்த இடைவெளியை மறைக்கும் வழியை மட்டுமே அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மதியம் திரும்பி வந்தாள்.

"போனதுமே சொல்லிட்டேன். 'மதர், எனக்கு முன்னால ரெண்டு பல்லு இல்ல. நேத்து வரைக்கும் இருந்துச்சு, காலையில என் தம்பி வேக வச்சுட்டான்.' சிரிச்சு முடிக்கவே நேரமாச்சு அவங்களுக்கு. அப்புறம் மெதுவா வாசிச்சேன்."

"வேலை?"

"ஒன்னாப்பு. வகுப்பக் காட்டுனாங்க. பாதிப் புள்ளைகளுக்கு முன்பல்லு விழுந்து கெடக்கு. ஒருத்தன் கிட்ட வந்து, 'டீச்சர், ஒங்களுக்கு எப்ப முளைக்கும்?'ங்குறான்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அந்தச் சனிக்கிழமை புது அளவெடுக்க வத்தலக்குண்டு கிளம்பினாள். துணைக்கு வருகிறேன் என்றேன்.

"நீ வீட்டுலயே இரு," என்றாள்.