செவந்தியின் தோசைக்கல்

பொங்கலுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்த அன்று செவந்தி காய்ச்சலில் படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள்தான் பண்டபாத்திரங்களைக் கிணற்றடியில் போட்டு, புளியும் செங்கல்பொடியுமாகத் தேய்த்துக் கொடுத்தாள். தோசைக்கல்லையும் விடவில்லை. இருபது வருஷம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்த கல், தோலுரித்த மாதிரி வெயிலில் கிடந்தது.

"பாருங்கக்கா, இப்பத்தான் கடையில வாங்கினாப்புல இருக்கு!"

"நல்லாருக்குடி" என்றாள் செவந்தி. புருஷன் பெரியண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு, 'சாப்பிட்டீங்களா' என்று வாசல்படி ஏறிக் கேட்கிற ஒரே ஆள் அவள். என்னவென்று திட்டுவது?

மகள் ராசாத்தி மணமேல்குடியிலிருந்து வர ஒன்பது நாள் இருந்தது. வருஷத்துக்கு ஒருநாள் வருகிறவள். ஆத்தா சுடுகிற தோசையைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டாள்.

வடிகஞ்சியில் கல்லை ஊறவைத்தாள். நல்லெண்ணெய் தடவிக் காயவிட்டாள். பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்து மாவை ஊற்றினால், தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது. கல்லைப் பழக்குவதற்காகவே தினமும் கைப்பிடி அரிசி ஆட்டினாள். பிய்ந்ததையெல்லாம் அடுப்படியிலேயே உட்கார்ந்து தின்றாள்.

"ஒத்த ஆளுக்குத் தெனம் தோசையா? யோகந்தான்!" என்று பிரகதாம்பாள் வேலிக்கு அங்கிட்டிருந்து சிரித்தாள்.

"நீயும் வாயேன்டி, திங்க."

"எங்கக்கா, பிள்ளைக கத்துதுக."

ஏழாம் நாள் தோசையின் ஓரம் கிளம்பியது. ராசாத்தி வந்த காலையில், தோசை தானாகவே கல்லைவிட்டு எழுந்தது. மாப்பிள்ளை ஒன்பது தின்றார். ராசாத்தி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, எங்க வீட்டுக் கல்லுல ஒண்ணு முழுசா வரமாட்டேங்குது. இதை நான் கொண்டுபோறேன். நீ ஒத்தையா இருக்கே, ஒனக்கு எதுக்கு?"

செவந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது இங்கிட்டே இருக்கட்டும். ஒன் கல்லை எடுத்துக்கிட்டு வா. பழக்கி வைக்கிறேன். நீயே வந்து வாங்கிக்க."

"அதுக்கு ரெண்டு தடவை அலையணுமா?"

"அலையேன். ஆத்தா வீடுதானே."

ராசாத்தி சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

பத்து நாள் கழித்துக் கல் வந்தது. மணமேல்குடிக் கருவாட்டு வியாபாரி ஒருவர் சந்தைக்கு வந்த வழியில், சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். செவந்தி சாக்கை உதறிப் பார்த்தாள். கடுதாசி எதுவும் இல்லை. கல் முழுக்கத் துரு.

"ரெண்டு மாசமாவது ஆகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு மாசத்தில் பழகிவிடக்கூடிய கல்தான் அது; மிச்ச மாசம், மகள் வருவாள் என்று காத்திருக்க.