இருப்புப் பதிவேட்டில் ஒரு படம்

காலைத் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முத்துலட்சுமியம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடன், "என்னம்மா, இந்த மாசம் ஆளையே காணோம்?" என்று கேட்டுவிட்டேன். பேசியது அவருடைய மகள். "சார், அம்மா காலையில தவறிட்டாக. வாசல் தெளிச்சுட்டு வந்து உக்காந்தாக, அம்புட்டுத்தான்" என்றார். கையிலிருந்த கடிதத்தில் தேதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் வீடு இருக்கும் அந்தச் சந்துக்கு, கூட வேலை பார்த்த உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மாறுதலில் வெளியூர் போனவர்களுக்குச் செய்தி பிந்தித்தான் கிடைத்தது. அன்று ஆளாளுக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு நான் செய்த ஒன்றைச் சொல்லாமல் புகழ்ந்து பேச எனக்கு நா எழவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நம் தல்லாகுளம் அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தராக இருந்தவர் அவருடைய கணவர் கருப்பையா. பணியில் இருக்கும்போதே அவர் இறந்துபோக, கருணை அடிப்படையில் முத்துலட்சுமியம்மாவுக்கு வேலை கிடைத்தது. நான் கண்காணிப்பாளராக மாறுதலில் வந்தபோது அந்த அறையின் ஒவ்வொரு அடுக்கும் அவருக்கு அத்துபடி. நான் ஒரு கோப்பைக் காணோம் என்று குதித்தால், "ஃபைல் என்ன நம்ம மேல கோவிச்சுக்கிட்டா போயிருக்கும்? இங்கனதான் சார் கெடக்கும், செத்த இருங்க" என்பார். கோப்பு வந்துவிடும்.

ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பழைய ஆவண நகல் கேட்டு மூன்றாவது தடவையாக வந்து நின்றார். வழக்கம்போலத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். முத்துலட்சுமியம்மா தன் நாற்காலியைத் தூக்கிவந்து அவரை உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார். "திங்கக்கிழமைங்கறது நமக்கு ஒரு வார்த்தை சார். அவருக்கு ரெண்டு பஸ்சு." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆவணம் என் மேசைக்கு வந்துவிட்டதால் கோபப்பட நேரமில்லாமல் போயிற்று.

பிறகுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. மேசையிலும் சுவரிலும் பீரோவிலும் ஊழியர்களின் சொந்தப் படங்கள், ஓவியங்கள், அலங்காரப் பொருட்கள் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் அகற்ற வேண்டும். ஆய்வுக்கு ஆட்கள் வருவார்கள். மறைப்பானேன், சுற்றறிக்கை என்றால் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. தட்டச்சர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த குழந்தைப் படம் போயிற்று. பாட்டிலில் வளர்ந்த மணி பிளாண்ட் போயிற்று. ஆயுத பூஜைக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட ஜிகினாத் தோரணம் போயிற்று. எல்லாம் முடிந்து, ஒரு நகலைப் பசை தடவி வாசல் பக்கச் சுவரில் ஒட்டினேன். முத்துலட்சுமியம்மா அதை நின்று நிதானமாகப் படித்தார். "சொவத்துல எதுவும் ஒட்டக் கூடாதுன்னு போட்டுருக்கே சார். அப்ப இதையும் கிழிச்சுறவா?" அறையே சிரித்தது. கடைசியாக நானும் சிரித்தேன்.

ஆனால் அவருடைய மேசைக்கு மேலே ஒரு படம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கருப்பையா கோப்பு அட்டையின் பின்பக்கத்தில் வண்ணத்தில் வரைந்து, கண்ணாடி இல்லாமல் மரச்சட்டம் மட்டும் போட்டு மாட்டிய படம். நம் அலுவலக வாசல்தான். வேப்பமரம், சைக்கிள் நிறுத்துமிடம், கேட்டுக்கு அருகே கையில் தூக்குச்சட்டியுடன் ஒரு பெண். அவள் முகம் மரத்தின் பக்கம் திரும்பியிருக்கும்.

"வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்கம்மா" என்றேன். "நான் பொழுதன்னைக்கும் இருக்கறது இங்க சார். வீட்டுல மாட்டுனா யாரு பாப்பா?" என்றார். எப்போதும் கணீரென்று பேசுபவர் அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு யோசனை வந்தது. சொந்தப் பொருள்தானே கூடாது? அரசாங்கப் பொருளாகிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? இருப்புப் பதிவேட்டை எடுத்தேன். நாற்காலி, மின்விசிறி, சுவர்க்கடிகாரத்துக்கு அடுத்த வரியில், 'எண் 37. அலுவலக வாயிற் காட்சி, சட்டமிட்டது, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்ணைப் பொருளின் மேலும் எழுதியாக வேண்டுமே. வெள்ளைப் பெயிண்டை எடுத்து நானே படத்தின் கீழ் மூலையில் எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இம்புட்டுப் பெருசா எழுதணுமா சார்?" என்று மட்டும் கேட்டார். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி படத்தைக் காட்டி இது என்ன என்றார். பதிவேட்டை விரித்துக் காட்டினேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கைந்து பேரிடமாவது என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டேன். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை, சால்வை, மிக்சர் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. என் மேசைக்கு வந்தார். "நாளையிலருந்து நான் இங்க இருக்க மாட்டேனே சார். படத்தை எடுத்துக்கிறவா?"

அது அரசாங்கச் சொத்து. ஆக்கியவனே நான். தயங்கித் தயங்கிச் சொன்னேன். படம் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அதுல நிக்கிறது நான்தான் சார்" என்றார். "அவரு பாதி நாளு சோத்தை மறந்துட்டு வந்துருவாரு. நான் தூக்கிக்கிட்டு ஓடியாருவேன். அவருக்கு மூஞ்சி வரைய வராது. அதான் திருப்பி நிப்பாட்டிட்டாரு."

எழுந்துபோய்ப் படத்தைப் பார்த்தேன். தூக்குச்சட்டி இருந்த இடத்தில் முப்பத்தேழு இருந்தது. சேலையின் பாதியும் வெள்ளைக்குள் போயிருந்தது. "அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றேன். "நீங்க அம்புட்டு ஆசையா எழுதிக்கிட்டு இருந்தீக. எப்படிச் சார் சொல்றது?"

ஒரு வழி இருந்தது. பொருள் பழுதடைந்தது, பயனற்றது என்று சான்று எழுதினால் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாம். நீக்கிய பிறகு அவர் எடுத்துப்போனால் கேட்க ஆளில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதி அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தாளை மடிக்காமல் என் மேசையிலேயே திரும்ப வைத்தார். "ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு எழுதித்தான் அவரு வரைஞ்சதை நான் வாங்கணுமா? வேணாம் சார். அது இங்கனயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிறேன்."

நான் நினைத்திருந்தால் அப்போதே ஆணியிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்திருக்கலாம். ஒரு படத்தைக் காணோம் என்று யாரும் வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். எனக்குத் துணிச்சல் இல்லை. நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான்.

சொன்னபடி மாதம் ஒருமுறை வந்தார். பென்ஷன் விஷயம், தெரிந்தவருக்கு ஒரு நகல் என்று ஏதாவது காரணம் இருக்கும். பார்வையாளர் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, "வாரேன் சார்" என்று எழுந்துபோவார். பிந்திய நாட்களில் மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். வருடக் கடைசியில் நான் பொருட்களைச் சரிபார்க்கும் மாதம் அவருக்குத் தெரியும். அந்த மாதம் மட்டும் காரணம் எதுவும் சொல்ல மாட்டார். நேரே மேசைக்கு வந்து, "நல்லா இருக்குன்னுதானே எழுதுனீக?" என்று கேட்பார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவேன். 'நல்ல நிலையில் உள்ளது' என்ற வரியைத் தானே படித்துப் பார்ப்பார். "அது போதும் சார்" என்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் படத்தைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். உத்தரவு இல்லை, சான்று இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பொருளை அலுவலகத்திலிருந்து வெளியே கொண்டுபோனது அதுதான் முதல் தடவை. மகளிடம் கொடுத்தேன். மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலேயே போட்டு என்னிடம் நீட்டினார்.

"வேணாம் சார். ஒருதடவை நானும் கேட்டேன், நீ ஏம்மா அதை அங்கயே விட்டுட்டு வந்தேன்னு. அது அந்த ஆபீசுல இருந்தாத்தான் ஒங்கப்பாவுக்குச் சோறு போயிச் சேரும்னு சொன்னாக."

பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

படம் பழைய ஆணியிலேயே இருக்கிறது. வெள்ளை எண்ணைச் சுரண்டினால் அடியில் இருக்கும் முத்துலட்சுமியம்மாவும் சேர்ந்து வந்துவிடுவார் என்பதால் தொடவில்லை. இந்த வருடச் சரிபார்ப்பில் முப்பத்தேழாம் வரியை எடுத்து, 'அலுவலக வாயிற் காட்சி' என்பதைச் சிவப்பு மையால் அடித்தேன். 'முத்துலட்சுமி தன் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவருதல். வரைந்தவர் கருப்பையா' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன். சொந்த விஷயத்தைப் பதிவேட்டில் ஏற்றியதற்கு விளக்கம் கேட்டால் கேட்கட்டும்.

படம் அரசாங்கத்துடையது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது வருடத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு வந்த அந்தக் கேள்வி ஒன்றைத்தான். ஆமாம் அம்மா, நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்கிறேன்.