காசு வாங்கின பாறை

மலைப்பாதையில ஜேசிபி ஓட்டுறவனை யாரும் சிரிச்ச முகத்தோட பார்க்கிறதில்ல. சிறுமலை போற வழியில கல்லு விழுந்து, பஸ்ஸுக்குள்ள வேர்த்து வடிய உக்காந்து, 'எங்கய்யா தொலைஞ்சான் அந்தாளு'ன்னு திட்டியிருப்பீங்களே, அந்தாளு நான்தான். பேகம்பூர் வீட்டுல நான் சோத்துல கை வைக்கும்போதுதான் எனக்கும் போன் வரும். நீங்களும் பாவம், நானும் பாவம்.

தோலு உரியுது

மழையே இல்லாத சித்திரையிலயும் கல்லு விழுதேன்னு சேந்த புதுசுல முழிச்சேன். சாலைப் பணியாளர் பாண்டியண்ணன்தான் விளக்கினாரு. பகல்ல பாறை காய்ஞ்சு விரியுது, ராத்திரிக் குளிருல சுருங்குது. வருசக்கணக்கா இதே பாடுன்னா மேல்தோலு ஏடு ஏடா கழண்டுரும். ஒரு சில்லை எடுத்து அமுக்கினேன், ரஸ்க்கு மாதிரி பொடிஞ்சுது. அம்புட்டு மலையும் எங்க தலைக்கு மேலதான் நிக்குது, அண்ணாந்து பாத்துக்கிட்டே நாலடி பின்னால போனேன். அண்ணன் சிரிச்சாரு: "பயப்படாதீங்க பாய், நாம ரிட்டயர் ஆகுற வரைக்கும் தாங்கும்."

அரசங்கன்னு

ஒரு வளைவுல வீடு தண்டிப் பாறை ரோட்டைப் பாத்து சாஞ்சிருக்கும். அதோட நிழல்ல செல்லம்மாக்கா மலைவாழைப்பழம் விப்பாங்க. புருசன் போனப்புறம் ரெண்டு பொம்பளப் புள்ளைகளைக் கரையேத்துனது அந்த நிழலுதான். பாறை வெடிப்புல ஒரு அரசங்கன்னு முளைச்சிருந்துச்சு. குடிக்கக் கொண்டாந்த தண்ணியில பாதியை அதுக்குத்தான் ஊத்துவாங்க.

வேரு உள்ள எறங்குனா கல்லைப் பிளந்துரும், வெட்டிருவோம்னு பாண்டியண்ணன் அருவாளை எடுத்தாரு. அக்கா முகம் சுண்டிப்போச்சு. "அரசைப் போயி வெட்டுவீகளா? எனக்குன்னு இருக்கிற சாமி அது ஒண்ணுதான்." அண்ணன் அருவாளைத் திரும்ப இடுப்புல சொருகிட்டாரு.

கிளிங்

வண்டி நல்லபடியா எறங்கணும்னு டிரைவருங்க அந்த வெடிப்புல ஒத்த ரூபாயைச் சொருகிட்டுப் போவாங்க. பாதிக் காசு வெளிய தெரிய இறுக்கமா நிக்கும். சில மழைக்காலம் போச்சு. சொருகின காசு நிக்காம, கிளிங்னு உள்ள விழ ஆரம்பிச்சுது. வெடிப்பு அகண்டுபோச்சுன்னு ஒருத்தருக்கும் தோணல. வாழைத்தார் லாரி ஓட்டுற முருகேசன் கன்னத்துல போட்டுக்கிட்டான்: "இம்புட்டு நாளு வெறுமன பாத்துக்கிட்டிருந்த சாமி, இப்பத்தான் கை நீட்டி வாங்குது."

திருப்பிக் குடுத்தது

போன ஐப்பசியில விடாம மழை. விடிஞ்சதும் போன், அதே வளைவு. அக்கா அங்க இருக்கக் கூடாது அல்லாஹ்ன்னு வழி பூராம் கேட்டுக்கிட்டே ஏறினேன். மழைக்குப் பயந்து அன்னைக்கு லேட்டா வந்திருக்காங்க, கூடையோட ஓரமா நின்னாங்க. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. பாறை ரெண்டாப் பிளந்து கெடந்துச்சு, நடுவுல கை தண்டி வேரு.

ஜேசிபியில கல்லுடைக்கிற பிரேக்கரை மாட்டி உடைச்சு, கீழ ஓடையில தள்ளினேன். ஓடை அதை உருட்டி உருட்டி ஒருநாள் மணலாக்கிரும். உடைக்கயில பிளவுக்குள்ள இருந்து காசா கொட்டுச்சு, எல்லாம் கறுத்துப்போயி. பாண்டியண்ணன் அதைத் துண்டுல அள்ளி அக்காகிட்ட நீட்டினாரு. இனிமே இந்த வளைவுல யாரும் கடை போடக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னதையும் அவருதான் சொல்லவேண்டியதாப் போச்சு. மழை விட்டு, நிழலு கெடந்த எடத்துல சுள்ளுன்னு வெயிலு. அக்கா காசைத் தொடவே இல்ல. "நான் கேட்டது நிழலு. அது காசையில்ல திருப்பிக் குடுத்துருச்சு, பாய்."

வளைவு இப்ப அகலமா இருக்குன்னு பஸ்ஸுல போறவங்க முதல் தடவையா என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க, அதை வாங்கிக்கத்தான் எனக்கு மனசு வரமாட்டேங்குது.